சுவருக்கு இரண்டு பக்கமும் மோட்டார்

நம் சங்கத்து மலருக்கு, தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுத எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. படிக்கத்தான் உங்களுக்குப் பொறுமை இருக்குமா என்று தெரியவில்லை. ஆகவே முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் எனக்குப் போன் போட்டு, "அண்ணே, எத்தனை ஹெச்.பி. மோட்டார் போடலாம்?" என்று யாரும் கேட்காதீர்கள்.

தொழிலை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். போன் மட்டும் உட்கார மாட்டேன் என்கிறது. காலையில் காப்பியை வாயருகே கொண்டுபோகிறபோது அடிக்கும். மந்தைவெளியில் ஒரு வீடாம், கிணறாம், எத்தனை ஹெச்.பி. போடலாமாம். கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்டால் தெரியாது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்டால் எட்டிப் பார்க்கவில்லை. டேங்க் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "மேலதாண்ணே கீது" என்கிறான். மேலே இல்லாமல் கிணற்றுக்குள்ளேயா இருக்கும்? எத்தனை மாடி, டேங்க் தரையிலா, ஸ்டாண்டிலா என்று நான் கேட்க ஆரம்பித்தால், "சுமாரா சொல்லுங்கண்ணே" என்கிறான். நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்தவன். அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். மயிலாப்பூர் குளத்திலிருந்து அடையாறு பாலம் வரைக்கும் எந்தத் தெருவில் தண்ணீர் இனிக்கும், எந்தத் தெருவில் வெயில் ஏறினால் உப்புக் கரிக்கும், எந்த வீட்டில் கிணற்றை மூடி மேலே காரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு யாரும் தொழில் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்தேன். அவர் சொல்லிக் கொடுத்தது கெட்ட வார்த்தையும் பைப் தூக்குவதும்தான். மற்றதெல்லாம் நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இன்றைக்கு நங்கநல்லூரில் ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போகிற வழியில் எனக்கு மாடி வீடு இருக்கிறது. அத்தனையும் பம்பு போட்டுக் கட்டியது. அந்த வீட்டுக் கிணற்றில் இருப்பது அரை ஹெச்.பி. மோட்டார். வருகிறவர்கள், "இவ்வளவு பெரிய வீட்டுக்கு அரைதானா?" என்று கேட்பார்கள். மாடியில் குளித்துவிட்டு வந்து பேசுங்கள் என்பேன்.

ஜனங்கள் ஹெச்.பி.யை கௌரவமாக நினைக்கிறார்கள். அது அவர்கள் தப்பில்லை. அவர்களுக்கு அதை ஏற்றிவிட்டது நாம்தான். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருத்தர் தன் வீட்டுக்கு மூன்று ஹெச்.பி. வேண்டும் என்று அடம் பிடித்தார். பக்கத்து வீட்டில் இரண்டு இருந்ததைத் தவிர வேறு காரணம் கிடையாது. முடியாது என்றேன். வேறு ஆளைப் பிடித்துப் போட்டுக்கொண்டார். பேப்பரில் தலைப்புச் செய்தி படித்து முடிப்பதற்குள் கிணறு காலி. தண்ணீர் தீர்ந்தது மோட்டாருக்குத் தெரியுமா? காற்றை இழுத்துக்கொண்டு ஓடி, உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி கருகி, தெருவெல்லாம் நாற்றம். இரண்டாவது முறையும் அதே அளவு வாங்கிப் போட்டு அதையும் கருக்கினார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். நான் சின்னதாக ஒன்றைப் போட்டு ஓட விட்டேன். பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "சத்தமே வரலியே, ஓடுதா?" என்றார். டேங்கில் தண்ணீர் விழுகிறது சார் என்றேன். சத்தம் வராததில் அவருக்குக் கடைசிவரை வருத்தம்தான்.

மோட்டார் தண்ணீரைப் பெற்றுப் போடாது. இருக்கிறதைத் தூக்கும், அவ்வளவுதான். ஊற்று எவ்வளவு கொடுக்கிறது என்று முதலில் பார்க்கணும். அந்தத் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறணும் என்று அப்புறம் பார்க்கணும். ஊற்று கொடுப்பதைவிட வேகமாக இழுக்கிற மோட்டார் கிணற்றுக்குச் சத்துரு. இது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், தெரிந்தும் செய்ய மாட்டீர்கள். ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை உங்களில் ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. அதைக் கேட்காததால் மயிலாப்பூரில் ஒரு குடும்பமே தெருவுக்கு வரப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன கோடையில் நடந்தது. மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு பழைய வீடு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பினார்கள். முற்றத்தில் எழுப்பினார்கள். அப்படியே நூல் பிடித்த மாதிரி கொல்லை வரைக்கும் கொண்டுபோய் கிணற்றின் மேலேயும் எழுப்பிவிட்டார்கள். கிணற்றின் குறுக்கே ஒரு காங்கிரீட் உத்தரம், அதன் மேல் ஆள் உயரத்துக்குச் சுவர். இந்த வீட்டுக்குக் கிணற்றில் அரை வட்டம், அந்த வீட்டுக்கு அரை வட்டம். இந்த மாதிரிக் கிணறு மயிலாப்பூரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேலே ஆயிரம் சுவர் கட்டலாம். கீழே தண்ணீர் ஒன்றுதான்.

அண்ணன் காலமாகிவிட்டார். அவர் மனைவியை நான் மாமி என்று கூப்பிடுவேன். பிள்ளை பெங்களூரில் இருக்கிறான். மாமி தனியாக இருந்துகொண்டு சாப்பாடு செய்து கொடுக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க இங்கே தனியாகக் கிடக்கிற வயசானவர்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு மாமியின் கேரியரில் போகும். உப்பு குறைவு ஒருத்தருக்கு, காரம் ஆகாது இன்னொருத்தருக்கு என்று ஒவ்வொரு கேரியரும் தனித்தனி. பிள்ளை கையை எதிர்பார்க்காமல் அந்த வீட்டில் மாமி குடியிருப்பதே அந்தக் கேரியர்களால்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியும் அவர் மனைவியும். அவரை நான் சார் என்பேன். பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வாசல்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. மாமி கோலம் போட வரும்போது சார் பால் பாக்கெட் எடுக்க வர மாட்டார்.

மாமி வீட்டில் இருந்த அரை ஹெச்.பி. நான் போட்டது. வருஷக்கணக்காக ஒரு குறையில்லாமல் ஓடியது. நான் போட்டது எங்கே மக்கர் பண்ணியிருக்கிறது? ஒரு நாள் போன் வந்தது. விடியற்காலையில் ஸ்விட்சைப் போட்டால் காற்றுதான் வருகிறது, உடனே வாருங்கள் என்றார். நான் போடாத மோட்டாராக இருந்தால் போயிருக்கவே மாட்டேன்.

போனேன். சமையலறையில் பெரிய பெரிய பாத்திரங்கள் கவிழ்த்துக் கிடந்தன. வாசலில் கேன் தண்ணீர் அடுக்கியிருந்தது. அந்தப் பக்கம் சார் ஒன்றரை ஹெச்.பி. போட்டுவிட்டாராம். கூடவே பெரிய டேங்க். தண்ணீர் குறைந்தால் தானாகவே மோட்டாரைப் போட்டுவிடுகிற தானியங்கி ஸ்விட்ச். அது இருட்டிலேயே ஓடி, மாமி எழுந்திருப்பதற்குள் கிணற்றை வழித்து எடுத்துவிடுகிறது. மறுபடி ஊறி மாமி மோட்டாருக்கு எட்டும்போது வெயில் ஏறிவிடுகிறது. அதற்கு மேல் உலை வைத்து யாருக்கு மத்தியானம் சாப்பாடு அனுப்புவது? சில நாள் அனுப்ப முடியவில்லை. கேன் தண்ணீர் வாங்கிச் சமாளித்ததில் கைக்கு எதுவும் மிஞ்சவில்லை. சாப்பாடு வாங்கிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் ஹோட்டலுக்கு மாறிவிட்டார்கள்.

"எனக்கு ரெண்டு ஹெச்.பி. போட்டுக் குடுங்கோ" என்றார் மாமி.

"நீங்க ரெண்டு போட்டா அவரு மூணு போடுவாரு மாமி."

"போடட்டுமே. நானும் போடறேன்."

மோட்டார் பெரிசானால் தண்ணீர் பெரிசாகாது என்று எனக்குத் தெரிந்த பாஷையிலெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் பெங்களூர்ப் பிள்ளை வீடியோவில் வந்துவிட்டான். மாமி செல்போனை என் மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவன் என் மூக்கைப் பார்த்துக்கொண்டே, நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் என்று நெட்டில் படித்ததை ஒப்பித்தான். கிணற்றைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு தம்பி என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றான். இரண்டு ஹெச்.பி. ஆர்டர் போடுகிறேன், அதுவும் சரிப்படாவிட்டால் அம்மா கடையை மூடிவிட்டு இங்கே வந்துவிடட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மாமி செல்போனை இடுப்பில் சொருகிக்கொண்டார். "அங்க போனா பால்கனில இருக்கற துளசிக்கு ஜலம் விட்டுண்டு உக்காந்திருக்கணும். மத்ததுக்கெல்லாம் ஆள் இருக்கா" என்றார். அழவில்லை. நான் மோட்டாரைத் தட்டிப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் பாபுவுக்குப் போன் போட்டேன். சார் வீட்டில் ஒன்றரையைப் போட்டவன் அவன்தான். அடையாறு பக்கத்து ஆள், உங்களில் பல பேருக்கு அவனைத் தெரியும். கை சுத்தம், வேலை சுத்தம், இரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிறான். அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகம்.

"ஒரே கெணத்துல ரெண்டு மோட்டாரு கீதுன்னு தெரிஞ்சுமா ஒண்ணர போட்டே?" என்றேன்.

"சார் கேட்டாரு, குட்த்தேன். கஸ்டமர் கேக்கறத குடுக்கறதுதான நைனா தொழிலு."

"எதுக்குக் கேட்டாருன்னு கேட்டியா?"

"அத்த நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?"

தம்பிகளா, நீங்கள் யாருமே கேட்காத கேள்வி என்று சொன்னேனே, அது இதுதான். போனை வைத்துவிட்டேன். இன்னும் பேசியிருந்தால் மேஸ்திரி சொல்லிக் கொடுத்த பாஷை வந்திருக்கும்.

மறுநாள் நான் போவதற்கு முன்னாடியே பெட்டி வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஹெச்.பி. மாமி பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு, மாட்டுங்கோ என்றார். முதலில் கிணற்றைப் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தேன்.

வாளியை இறக்கித் தூக்கினேன், பாதி மணல். மேலே இருக்கிற தண்ணீரை ஒரேயடியாக உறிஞ்சினால் அடியில் இருக்கிற மணலும் சேர்ந்துதான் வரும். மணல் வெளியே வந்தால், கிணற்றில் வளையம் வளையமாக அடுக்கியிருக்கிற உறைகளுக்குக் கீழே பள்ளம் விழும். விழுந்திருந்தது. சார் பக்கத்தில் ஒரு உறை சாய்ந்து இரண்டு உறைக்கு நடுவில் என் கை போகிற அளவுக்குச் சந்து விட்டிருந்தது. அந்தச் சாய்ந்த பக்கத்தின் மேல்தான் உத்தரத்தின் ஒரு முனை உட்கார்ந்திருக்கிறது. உத்தரத்தின் மேல் சுவர். சுவரில் புதிதாக ஒரு வெடிப்பு கோணல்மாணலாக மேலே ஏறியிருந்தது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுவரை ஒட்டித்தான் துவைக்கிற கல்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மாட்ட மாட்டேன் என்று நான் கிளம்பினால், சாயங்காலத்துக்குள் பாபு மாதிரி ஒருத்தன் வந்து மாட்டிவிட்டுப் போவான். மாட்டினால் இரண்டு மோட்டாரும் போட்டி போட்டு மணலை இழுத்து, துணி துவைத்துக்கொண்டிருக்கிறவர் தலையில் சுவர் விழும். கிணறும் போகும். சும்மா இருந்தாலும் மாமி பெங்களூர் ரயில் ஏறணும். இதற்கெல்லாம் எந்தப் பட்டியலைப் பார்த்து ஹெச்.பி. கண்டுபிடிப்பீர்கள்?

நம் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருத்தர் கஸ்டமர் வீட்டுக்குள் இன்னொருத்தர் போகக்கூடாது. அதிலும் சண்டைக்கார வீடுகள் என்றால் ஒரு பக்கத்து ஆள் மறுபக்கத்து வாசப்படியை மிதிக்கவே கூடாது. நல்ல வழக்கம்தான். நானே பல பேரிடம் இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். அன்றைக்கு மாமியிடம்கூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வாசலில் போய் நின்றேன்.

சார் கதவை முழுசாகத் திறக்கவில்லை. நீங்க அவாத்து ஆள்தானே என்றார்.

"நான் கெணத்து ஆளு சார். உள்ள வரலாமா?" என்றேன்.

என்ன நினைத்தாரோ, விட்டார். கூடத்தில் அவர் மனைவி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நடப்பதற்கு வைத்துக்கொள்கிற நாலு கால் கம்பி. முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஒன்றரை ஹெச்.பி. எதற்காக வாங்கினீர்கள்?

அவர் சொன்னதைக் கேளுங்கள். மனைவியால் குனிய முடியவில்லை, சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்ள முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி குளிக்கட்டும் என்று ஷவர் வைத்தாராம். தோசைக்கல் அகலத்துக்கு ஒரு ஷவர். அதில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்ததாம். மோட்டாரில் வேகம் போதவில்லை போலிருக்கிறது என்று அரையை எடுத்துவிட்டு ஒன்று போட்டார். அப்போதும் சொட்டு. டேங்கைப் பெரிசாக்கி ஒன்றரை போட்டார்.

"ஒண்ணரை போட்டும் சொட்டுதான். ரெண்டு போடலாமான்னு யோஜிச்சுண்டிருக்கேன்" என்றார்.

நான் அப்படியே தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தண்ணி வேணுமா என்று அந்த அம்மாள் கேட்டார்.

பிறகு அவரைக் குளியலறைக்குக் கூட்டிப் போனேன். ஷவரைத் திறந்தேன், சொட்டியது. மோட்டாரைப் போடச் சொன்னேன். வீடு அதிர ஒன்றரை ஹெச்.பி. ஓடியது. ஷவர் அதே மாதிரி சொட்டியது. மோட்டார் டேங்குக்குத்தான் தண்ணீர் கொடுக்கிறது, ஷவருக்குக் கொடுப்பது டேங்க். டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுதான் வேகம் என்று சொன்னேன். மேலே போய்ப் பார்த்தோம். குளியலறைக்கு நேர் மேலே, மொட்டை மாடித் தரையிலேயே, குட்டையாகக் குண்டாக ஒரு டேங்க் படுத்துக் கிடந்தது. ஷவருக்கும் அதற்கும் இடையில் ஒரு ஆள் உயரம்கூட இல்லை. பத்து ஹெச்.பி. போட்டாலும் அது சொட்டத்தான் சொட்டும். பழைய சின்ன டேங்க் ஓரமாகக் காய்ந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கி மாடிப்படி ரூமுக்கு மேலே வைத்தால் தீர்ந்தது.

சார் குனிந்து அந்த டேங்கின் அடியைத் தட்டிப் பார்த்தார். "போட வந்தவன் இதைச் சொல்லியிருக்கலாமோல்லியோ?" என்றார்.

இதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்டது பாபுவை இல்லை. நம் எல்லாரையும்.

கீழே வந்து சாய்ந்த உறையையும் வெடித்த சுவரையும் காட்டினேன். பயந்துபோனார். ஒன்றரையை எடுத்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டார். நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், ஆனால் அந்தப் பக்கம் இரண்டு ஹெச்.பி. பெட்டி இறங்கியதைத் தான் பார்த்ததாகவும், முதலில் அவர்கள் அதைத் திருப்பி அனுப்பட்டும் என்றும் சொன்னார். சரி என்று இந்த வீட்டுக்கு வந்தேன். முதலில் அவர் கழற்றட்டும் என்றார் மாமி. மறுபடி அந்த வீடு. மறுபடி இந்த வீடு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் முழங்காலும் புதுசில்லை. நான் பம்பு போட வந்தவனா, பஞ்சாயத்துக்கு வந்தவனா?

மூன்றாவது தடவை மாமியிடம் வந்தபோது எரிச்சலில் வாய் தவறித்தான் சொன்னேன். "அந்தம்மா முட்டியில ஆபரேஷன் பண்ணிக்கினு ஒரு சொம்பு தண்ணி ஊத்திக்க முடியாம ஒக்காந்துகினு கீறாங்க. நீங்க ரெண்டு பேரும் பெட்டியப் பத்தி பேசிகினு இருங்க."

மாமி கையில் இருந்த கரண்டி நின்றது. "யாருக்கு ஆபரேஷன்?" என்றார்.

சொன்னேன். எப்போது என்று கேட்டார், தெரியாது என்றேன். எந்தக் கால் என்று கேட்டார், அதையும் பார்க்கவில்லை. "பக்கத்தாத்துல இருந்துண்டு எனக்குத் தெரியலை பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தார்.

நான் அதற்கு மேல் யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. கொல்லைக்குப் போய் மாமி மோட்டாரின் ஒயரைக் கழற்றினேன். தெரு வழியாகப் போய் சார் மோட்டாரையும் கழற்றினேன். என்ன பண்றேள் என்று சார் பின்னாலேயே வந்தார். இரண்டு வீட்டுக்கும் இப்போது ஒரு சொட்டு கிடையாது, அதனால் நான் சொல்வதை நின்று கேளுங்கள் என்றேன். இந்தக் கிணற்றின் ஊற்றுக்கு அரை ஹெச்.பி.க்கு மேல் தாங்காது. அதுவும் இரண்டு அரை இல்லை, ஒரே ஒரு அரை. கிணறு நன்றாக இருப்பது மாமி பக்கம், ஆகவே மோட்டார் அந்தப் பக்கம். சுவருக்கு மேலே ஒரு பைப் இந்த வீட்டு டேங்குக்கு, ஒன்று அந்த வீட்டு டேங்குக்கு, நடுவில் ஒரு வால்வு. மெதுவாக இழுத்தால் இழுக்க இழுக்க ஊறும். இரண்டு டேங்கும் நிரம்பும். தம்பிகளா, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் எத்தனையோ கிணற்றுக்கு மோட்டார் அளவு சொல்லியிருக்கிறேன். இவ்வளவு பொருத்தமாக ஒன்று சொன்னதில்லை. வேறு எவனுக்கும் தோன்றியிருக்காது என்பதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சார் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "ஸ்விட்ச் அவாத்துல இருக்கும். நாளைக்கு மன்னி போடலேன்னா நான் என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. அதற்கு மோட்டார்க்காரனிடம் பதில் கிடையாது.

அவர் தாழ்த்தித்தான் பேசினார். ஆனால் கிணற்றின் விளிம்பில் நின்று பேசினார். சுவருக்குக் கீழே கிணறு திறந்துதானே இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து மாமியின் குரல் தண்ணீரில் மோதி எங்களுக்கு வந்தது. என்னிடம் பேசுகிற மாதிரிதான் பேசினார்.

"அவளுக்குக் குளிக்க எத்தனை மணிக்கு ஜலம் வேணும்னு கேட்டுச் சொல்லுங்கோ."

நான் சாரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார், வெடிப்பைப் பார்த்தார், அப்புறம் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்து கிணற்றுக்குள்ளேயே சொன்னார்.

"எட்டு மணிக்கு, மன்னி."

கிணற்றுக்குள்ளிருந்து மாமியின் பதில் வந்தது.

"ஏழரைக்கே ரொப்பிடறேன். எட்டு மணிக்கு நான் கேரியர் கட்ட ஆரம்பிச்சாகணும்."

அன்றைக்கே வேலையை முடித்தேன். பாபுவைக் கூப்பிட்டேன், வாயை மூடிக்கொண்டு வந்து பழைய டேங்கை மாடிப்படி ரூமுக்கு மேலே ஏற்றிக் கொடுத்தான். ஏற்றிவிட்டு, ரெண்டு மோட்டாரு வித்திருக்கலாமே நைனா என்றான். அவனைத் திருத்த முடியாது. மழைக்கு முன்னாடி உறை போடுகிறவர்களைக் கூப்பிட்டுச் சாய்ந்ததை நிமிர்த்திவிடுங்கள், அதுவரை சுவரோரம் யாரும் துவைக்கக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் சத்தம் போட்டுச் சொன்னேன். பெங்களூர்ப் பிள்ளை, அங்கிள், சேஃப்டிக்கு ஒன்றாவது போட்டிருக்கலாமே என்று குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். அந்த நம்பரை அன்றைக்கே பிளாக் பண்ணினேன், இன்னும் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். போக வேண்டிய அவசியமில்லை, என் வேலையில் எனக்கு நம்பிக்கை உண்டு. இருந்தாலும் போனேன். மாமி வீட்டில் நாலு அடுப்பும் எரிந்தது. கூடத்தில் கேரியர்கள் மூடி திறந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. வால்வு அந்த வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. கரண்டியும் கையுமாக இருந்த மாமி என்னைக் கவனிக்கவில்லை. வண்டியை எடுக்கப் போனேன். பக்கத்து வாசலிலிருந்து சார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வந்து என்னைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஷவர் முகத்துல வந்து அடிக்கறதாம். கொஞ்சம் கொறைக்க முடியுமான்னு கேக்கறா" என்றார்.

வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.